ஒற்றைக்கால் உழிச்சில்

சங்குண்ணியின் கால் படாத முதுகு வள்ளுவநாட்டில் இரண்டே இரண்டு. ஒன்று புழையில் கிடக்கும் ஆமையினுடையது, மற்றொன்று ஷொர்ணூர் ரயில் பாலத்தினுடையது. ஆமை இதுவரை வலி என்று வந்து நின்றதில்லை. பாலம் வந்திருக்கும், கூட்ஸ் வண்டிகள் விடுவதில்லை. மற்றபடி மில் முதலாளி, தாசில்தார், யானைப் பாகன், பம்பாய் ஆபீஸ்களில் உட்கார்ந்து உட்கார்ந்து நாற்காலியாகவே மாறிவிட்ட மேனேஜர்கள், குவைத்தில் சுமந்து சுமந்து ஒட்டகமாகத் திரும்பியவர்கள் என்று எல்லாரும் காஞ்ஞிரக்கடவு தாமு வைத்தியரின் வைத்தியசாலைக்கு வந்து, உழிச்சில் என்கிற மிதி வைத்தியத்துக்காக எண்ணெய்ப் பாயில் குப்புறப் படுத்து, உத்தரத்துக் கயிற்றைப் பிடித்து நிற்கும் சங்குண்ணியின் பாதங்களுக்குத் தங்களை ஒப்புக்கொடுத்தவர்கள்தாம்.

அந்தப் பாதங்களுக்குக் கண் உண்டு என்பார்கள். முதுகில் வைத்த மாத்திரத்தில் எந்த எலும்புக்கும் எந்த எலும்புக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று கண்டுபிடித்துவிடும். அதிலும் இடது கால் கொஞ்சம் மூத்தது. வலது கால் தசையைப் பார்த்துக்கொள்ளும். தண்டுவடத்து ஓரமாக, நூல் பிடித்த மாதிரி பிடரியிலிருந்து இடுப்புவரை ஒரே ஓட்டமாக இறங்குவது இடது காலின் வேலை. அரை விரல் தள்ளி மிதித்தால் ஆள் எழுந்து நடந்து வீட்டுக்குப் போவதா, கட்டிலோடு தூக்கிக்கொண்டு போவதா என்பது மாறிவிடும்.

கர்க்கடகம், அதாவது நம் ஆடி மாதம், பிறந்து பத்தாம் நாள். வானத்தில் யாரோ அண்டாவைக் கவிழ்த்துவிட்டு எடுக்க மறந்து போனதுபோல மழை. சங்குண்ணி அடுப்படியில் நின்றபடியே மருந்துக்கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும் என்பதால் நின்று குடிப்பது வழக்கமாகிவிட்டது. அவன் பெண்டாட்டி பாறுக்குட்டி நவர அரிசியைப் பாலிலும் குறுந்தோட்டிக் கஷாயத்திலும் வேகவைத்துக் கிளறிக்கொண்டிருந்தாள். அதைத் துணியில் சின்னச் சின்ன மூட்டையாகக் கட்டி, சூடு ஆறாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோவது அவள் வேலை. கிழி கட்டுவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. அவள் போட்ட முடிச்சை அவிழ்க்கக் கோர்ட்டு உத்தரவு வேண்டும்.

"லாரிக்கார மொய்துட்டிக்கு இன்னைக்கு ஆறாம் நாளு" என்றான் சங்குண்ணி, கஞ்சியை உறிஞ்சிக்கொண்டே. "அஞ்சு நாளா தசையை இளக்கி வெச்சிருக்கேன். இன்னைக்கு நடுமுதுகு. இடது காலால ஒரே ஓட்டம்."

பாறுக்குட்டிக்கு மூக்கில் ஒரு வாசனை ஏறியது.

"பாத்தீங்களா, வடக்கு வீட்டுக் கார்த்தியாயினி கர்க்கடகத்துல, ராமாயண மாசத்துல, கருவாடு சுடறா. நாமம் சொல்ற வாயி, நாலு மணிக்கெல்லாம் எந்திரிச்சு ராமா ராமான்னுட்டு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் கீழே பார்த்தாள். அடுப்பிலிருந்து தெறித்து விழுந்திருந்த சிரட்டைக் கனல் ஒன்று சங்குண்ணியின் பாதத்துக்கு அடியில் புகைந்துகொண்டிருந்தது.

"ஏட்டா, காலை எடுங்க!"

சங்குண்ணி கிண்ணத்துக்கு மேலிருந்து அவளைப் பார்த்தான். "எந்தக் காலை?" என்று கேட்டான்.

அவள் குனிந்து இரண்டு கையாலும் அந்தப் பாதத்தைப் பிடித்துத் தூக்கினாள். உள்ளங்கால் நடுவில் ஒரு ரூபாய் அகலத்துக்கு வெந்து வெளுத்திருந்தது. இடது கால். சங்குண்ணி அதை வேறு யாருடைய காலோ போல எட்டிப் பார்த்தான். கஞ்சிக் கிண்ணத்தை மெல்ல அம்மிமேல் வைத்தான்.

"எப்பலருந்து?" என்றாள்.

"கர்க்கடகம் பிறந்ததுலருந்து கொஞ்சம் கூடுதல் மந்தமாத்தான் இருந்துச்சு. இவ்வளவுன்னு தெரியாது."

"தீ தெரியாத காலுக்கு எலும்பு தெரியுமா?"

வெளியே மழை இன்னும் ஒரு அண்டாவைக் கவிழ்த்தது.

சங்குண்ணிக்கு இடுப்பு வலி வந்து பதினொரு வருஷம். ஊர் உலகத்துக்கு டிஸ்க்கை நேராக்குகிறவனுக்கே டிஸ்க் பிதுங்கிவிட்டது என்று வெளியே சொல்ல முடியுமா? வழுக்கைத் தலையன் கூந்தல் தைலம் விற்ற கதை ஆகும். அதனால் வலி வீட்டுக்குள்ளேயே வளர்ந்தது. பெண் குழந்தையைப் போல அதைப் பொத்திப் பொத்தி வளர்த்தார்கள்.

ஆனாலும் நான்கு சுவருக்குள் செய்யாத வைத்தியம் இல்லை. ஒற்றப்பாலத்து ஹோமியோக்காரரின் சர்க்கரை உருண்டையைச் சங்குண்ணி தின்ற தினுசில் ஒரு சர்க்கரை ஆலைக்கு லாபம் கிடைத்திருக்கும். எண்ணெய் மூன்று பீப்பாய் ஆகியிருக்கும். அக்கம்பக்கத்தில் விஷயம் தெரிந்தவர் ஹவில்தார் கங்காதரன் ஒருவர்தான், அதுவும் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டது. பட்டாளத்தில் குதிரைக்கே இந்த வலி வந்து குணமானதைக் கண்ணால் கண்டவர் அவர்.

"சங்குண்ணி, பலாமரத்துல தலைகீழாத் தொங்கணும். பதினஞ்சு நிமிஷம். டிஸ்க்கு தானா உள்ள போயிடும்" என்றார்.

"குதிரையையும் தொங்கவிட்டீங்களா, ஹவில்தாரே?" என்று கேட்டாள் பாறுக்குட்டி.

"குதிரைக்கு மரம் கிடைக்கல. அதனாலதான் அதுக்கு ரெண்டு வருஷம் ஆச்சு."

தொங்கினான். பலாப்பழம் இரண்டு விழுந்தது, டிஸ்க் உள்ளே போகவில்லை. அவனை இறக்குவதற்குத்தான் ஹவில்தாரும் பாறுக்குட்டியும் படாத பாடு பட்டார்கள். அன்று ஹவில்தாருக்கும் இடுப்புப் பிடித்துக்கொண்டது. மறுநாள் அவர் வைத்தியசாலைக்கு வந்து படுத்தார், சங்குண்ணி ஏறி மிதித்துச் சரிசெய்தான். அந்த மனுஷர் ஒரு வாரத்தில் சைக்கிள் மிதித்தார்.

ஊருக்கெல்லாம் சரியாகிற வைத்தியம் அவனுக்கு மட்டும் ஏன் ஆகவில்லை என்றால், காரணம் நல்லிருக்கை. பதினாலு நாள் கிழி போட்டால் இருபத்தெட்டு நாள் சும்மா இருக்க வேண்டும். குனியக் கூடாது, ஏறக் கூடாது, காற்றில் நடக்கக் கூடாது, கோபப்படக் கூடாது. வைத்தியம் பாதி, இருப்பு பாதி. அதையும் கர்க்கடகத்தில்தான் செய்ய வேண்டும். மழையில் உடம்பு திறந்து எண்ணெயை உள்ளே வாங்கும் என்பது சாஸ்திரம். அந்தக் கர்க்கடகத்தில்தான் வைத்தியசாலைத் தாழ்வாரத்தில் கோவணம் கட்டிய முதுகுகள் வரிசையில் நிற்கும். மிதிக்கத் தெரிந்த இன்னொருவனான சாமிக்குட்டியும் கோவளத்து ஹோட்டலில் வெள்ளைக்காரர்களுக்கு மயிலிறகால் தடவுகிற மாதிரி எண்ணெய் தேய்க்கப் போய்விட்டான்.

"இந்தக் கர்க்கடகம் கழியட்டும்" என்பார் தாமு வைத்தியர். கழியும். சிங்ஙம் மாதம் பிறக்கும், ஓணம் வரும். "இனி உடம்பு மூடிக்கும். அடுத்த கர்க்கடகம் பாத்துக்கலாம்" என்பார். இப்படிப் பதினொரு கர்க்கடகம் கழிந்தது.

போன சித்திரையில்தான், காலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்று அவன் சொன்னதும், பாறுக்குட்டி அவனைத் திருச்சூருக்கு இழுத்துக்கொண்டு போனாள். கல்யாணத்துக்குப் போவதாக ஊரில் சொல்லி, அதற்காகச் சரிகை முண்டு உடுத்தி, முல்லைப்பூ வைத்துக்கொண்டு ஸ்கேன் எடுக்கப் போனார்கள்.

டாக்டர் இட்டூப்பு ஒல்லியான மனுஷர். படத்தை வெளிச்சத்தில் மாட்டிவிட்டு, மேஜையில் இரண்டு கையையும் ஊன்றி நின்றபடியே பேசினார். கடைசிவரை உட்காரவே இல்லை. பாறுக்குட்டி அதைக் கவனித்தாள். 'பாவம், அம்புட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில டாக்டருக்கு நல்ல நாற்காலி இல்ல' என்று நினைத்துக்கொண்டாள்.

"என்ன வேலை செய்யறீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"மரமில்லுல வாச்மேன்" என்றான் சங்குண்ணி, கண் இமைக்காமல்.

"நல்ல வேலை. பாருங்க, நூறு பேருக்கு டிஸ்க் பிதுங்கினா தொண்ணூறு பேருக்குக் கத்தி வேண்டியதில்ல. நடக்கணும், முதுகுக்கும் வயித்துக்கும் பயிற்சி செய்யணும், கொஞ்ச நாள் வலி மாத்திரை. மூணு மாசத்துல அடங்கிடும். சில பேருக்கு ஊசி. ஆனா உங்களுக்குக் கடைசி டிஸ்க் நரம்பு மேலயே உக்காந்துட்டுது. கால் மரக்க ஆரம்பிச்சாச்சு. இதுக்கு ஆபரேஷன் பண்றதுதான் நல்லதுன்னு எனக்குத் தோணுது."

"பண்ணினா போன உணர்ச்சி திரும்பி வருமா?"

"சத்தியம் பண்ண மாட்டேன். இருக்கறது போகாம நிக்கும்."

"அதுக்கப்புறம் கயித்தைப் பிடிச்சு ஏறலாமா?"

"வாச்மேனுக்கு எதுக்குய்யா கயிறு?"

சங்குண்ணி மச்சைப் பார்த்தான். பாறுக்குட்டி முல்லைப்பூவைச் சரிசெய்துகொண்டாள்.

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "அம்மா, நீங்க கேட்டுக்குங்க. யோசிச்சு வாங்க, பரவால்ல. ஆனா மத்தக் காலும் மரத்துதுன்னா, இல்ல ஒண்ணுக்குப் போறது தெரியலைன்னா, அன்னைக்கு யோசனை கிடையாது. ரெண்டு காலும் போயிடும். தலை சீவிட்டுக்கூட நிக்காதீங்க, கட்டின துணியோட கூட்டிட்டு வாங்க."

யோசித்தார்கள். யோசித்து முடிப்பதற்குள் கர்க்கடகம் வந்துவிட்டது.

இப்போது வெந்த காலில் ஒரு வாழையிலைத் துண்டை ஒட்டி, அதன்மேல் துணியைச் சுற்றி, சங்குண்ணி மழையில் இறங்கிவிட்டான். பாறுக்குட்டி கிழிக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் ஓடினாள். வீட்டுக்கும் வைத்தியசாலைக்கும் நடுவில் ஒரு கமுகுத் தோட்டம்தான். ஆனால் அன்று அது காசிக்குப் போகிற தூரமாக இருந்தது.

"ஏட்டா, நில்லுங்க. மொய்துட்டிக்கு மூணு புள்ளைங்க."

"தெரியும்டீ. மூணாவது கெட்டிக்காரி. நேத்து முழுக்க அவளைப் பத்தித்தான் பேசினான்."

"அப்ப இன்னைக்கு முடியாதுன்னு சொல்லுங்க."

"சொல்லி? பெரிந்தல்மண்ணைலருந்து லாரியை விட்டுட்டு வந்து படுத்திருக்கான். ஆறாம் நாள் நிறுத்தினா இளக்கின முதுகு அப்படியே பிடிச்சுக்கும். நான் நிறுத்தினா வேற யாரு மிதிப்பா? நீயா?"

அவன் கமுகு மரங்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பிடித்துப் போனான்.

தாமு வைத்தியர் கஷாயம் காய்ச்சும் புரையில் சாய்வு நாற்காலியில் கிடந்தார். எழுபத்தாறு வயது. அவர் கை நடுங்குகிற நடுக்கத்தில் தனியாகத் தயிர் கடைய வேண்டாம், பானையைக் கையில் கொடுத்தால் போதும்.

"வைத்தியரே, ஒரு காரியம் சொல்லணும்" என்றாள், சங்குண்ணியை உழிச்சில் அறைப் பக்கம் விட்டுவிட்டு வந்த பாறுக்குட்டி.

"குறுந்தோட்டி தீந்துச்சா?"

"அதில்ல. ஏட்டனோட இடது காலு..."

"அந்தக் காலுக்குத் தங்கத்துல தண்டை போடணும்னு இருக்கேன் பாறு. ஓணம் கழியட்டும்."

"அதுக்குத் தீ தெரியல, வைத்தியரே."

வைத்தியர் நாற்காலியிலிருந்து நிமிர்ந்தார். அவள் சொன்னதைக் கேட்டார். கனலின் அளவைக் கேட்டார், எவ்வளவு நேரம் என்று கேட்டார். முகத்தில் இருந்த தமாஷ் எல்லாம் கஷாயம் போல வற்றியது.

"வாதம் கீழ இறங்கிட்டுது. பதினாலு நாள் கிழி. இடுப்புல உளுந்து மாவு வரம்பு கட்டி எண்ணெய் நிறுத்தணும். அப்புறம் இருபத்தெட்டு நாள் அசையாம நல்லிருக்கை."

"எப்போ?"

"கர்க்கடகத்துலதான்."

"இது என்ன மாசம், வைத்தியரே?"

வைத்தியர் வெளியே பார்த்தார். தாழ்வாரத்தில் பதினோரு பேர் கோவணத்தோடு, எண்ணெய் பளபளக்க, வாழைத்தார்கள் போல வரிசையாக நின்றிருந்தார்கள். ஒருவர் அவரைப் பார்த்துக் கும்பிட்டார்.

"அடுத்த கர்க்கடகம்" என்றார், குரல் இல்லாமல்.

"போன கர்க்கடகத்துலயும் இதையேதான் சொன்னீங்க."

"போன கர்க்கடகத்துலயும் இவங்க இருந்தாங்களே, பாறு." வைத்தியர் இரண்டு கையையும் அவள் முன்னால் நீட்டினார். "இதைப் பாரு. இந்தக் கையால நாடி பிடிச்சா எல்லாருக்கும் ரெண்டு நாடி. நான் ஏறி மிதிக்கவா? மகன் பஹ்ரைன்ல குளிர்பெட்டி விக்கறான். என்னை என்ன செய்யச் சொல்ற?"

"மொய்துட்டி முதுகுல அந்தக் கால் பட வேண்டாம். அவ்வளவுதான்."

வைத்தியர் நீட்டிய கைகளை மடியில் போட்டுக்கொண்டார். "போய்ச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு. இடது கால் வேண்டாம். வலது மட்டும் போதும்."

உழிச்சில் அறைக்குள் ஆண்கள் படுத்திருக்கும்போது பெண்கள் போகக் கூடாது. கதவில் ஒரு சாண் இடைவெளி விட்டு, கிழியை நீட்டுவார்கள். பாறுக்குட்டி போய்ச் சேர்ந்தபோது உள்ளே எண்ணெய் விளக்கு எரிந்தது. பாயில் மொய்துட்டியின் முதுகு ஒரு லாரியின் பின்பலகை அகலத்துக்குக் கிடந்தது. 'ஹாரன் அடி' என்று எழுதாத குறை. சங்குண்ணி கயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்து ஏறிவிட்டான்.

மிதிக்கும் முன் கேட்க வேண்டும். ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு முதுகிடமும். கேட்டுப் பதில் வராமல் கால் வைப்பது அங்கே பாவம்.

"மிதிக்கட்டுமா?" என்றான் சங்குண்ணி.

"மிதிச்சுக்கோ சேட்டா. இது முதுகில்ல, தேசிய நெடுஞ்சாலை. குழி எங்கெங்க இருக்குன்னு உனக்குத்தான் தெரியும்" என்றான் மொய்துட்டி, பாய்க்குள் முகத்தைப் புதைத்தபடி.

கட்டு அவிழ்த்த இடது கால் உயர்ந்தது. பிடரிக்கு நேர் மேலே வந்து நின்றது.

கதவிடுக்கில் கிழி நீண்டது. "ஏட்டா, வைத்தியர் சொல்லி அனுப்பினார். இன்னைக்கு இடது வேண்டாமாம். வலது மட்டும் போதுமாம்" என்றாள் பாறுக்குட்டி. கதவை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கால் அந்தரத்திலேயே நின்றது. ஒரு துளி எண்ணெய் அதன் குதிகாலிலிருந்து மொய்துட்டியின் பிடரியில் விழுந்தது. சங்குண்ணியின் கைகளில் நரம்புகள் கொடி மாதிரி புடைத்தன. உடம்பின் கனம் முழுவதும் கயிற்றில் தொங்கியது. அந்தப் பாதத்தை அவன் பார்த்தான். சொல்பேச்சுக் கேட்காத பிள்ளையைச் சபையில் வைத்துப் பார்ப்பதுபோலப் பார்த்தான். பிறகு மெல்ல மடக்கிக்கொண்டான். முழங்காலைக் கொக்கு மாதிரி மேலே தூக்கி வைத்துக்கொண்டு, வலது காலை இறக்கினான்.

பாதி முதுகு ஓடியதும் மொய்துட்டி முனகினான். "என்ன சேட்டா, இன்னைக்கு ஒரு கால்தான் வருது?"

"ஆறாம் நாள் அப்படித்தான்" என்றான் சங்குண்ணி, பல்லைக் கடித்துக்கொண்டு.

"என் படச்சவனே, என்ன சுகம்! ரெண்டு காலை விட இதுதான் உள்ள போகுது!"

போகாதா? இரண்டு காலில் பங்குபோட்ட கனம் அத்தனையும் ஒரே காலில் வந்து இறங்கினால் போகாமல் என்ன செய்யும்! அந்த முனகலில்தான் சனியன் பிடித்தது. மொய்துட்டி ஏழாம் நாளும் அதையே கேட்டான், எட்டாம் நாளும் கேட்டான். பதினாலாம் நாள் எழுந்து, வைத்தியசாலை முற்றத்தில் ஒரு குட்டிக்கரணம் அடித்தான் என்கிறார்கள். இரண்டு என்றும் சொல்கிறார்கள். இருபத்தெட்டு நாள் நல்லிருக்கைக்குப் பெரிந்தல்மண்ணைக்குப் போனவன் சும்மா இருந்தானா? உடம்பைத்தான் அசைக்கக் கூடாது, நாக்குக்குத் தடை இல்லையே. அவனைப் பார்க்க வந்த லாரிக்காரர்கள் மூலம் மங்களூர் செக்போஸ்ட்டிலிருந்து நாகர்கோவில் சந்தை வரைக்கும் ஒரே நாளில் செய்தி போய்ச் சேர்ந்தது. காஞ்ஞிரக்கடவில் ஒற்றைக்கால் உழிச்சில் என்று ஒன்று இருக்கிறதாம். ரகசிய முறையாம். இதுவரை ராஜாக்களுக்கு மட்டும்தான் செய்தார்களாம்.

மாதம் இருபது ஆவதற்குள் தாழ்வாரத்து வரிசை பதினொன்றிலிருந்து இருபத்தேழு ஆனது. ஊர்முனை எஸ்.டி.டி. பூத்துக்காரன் வைத்தியசாலைக்கு ஓடி ஓடியே இளைத்துப் போனான். வைத்தியர் முதல் இரண்டு நாள் வெட்கப்பட்டார். மூன்றாம் நாள் பரணிலிருந்து ஓலைச் சுவடியை இறக்கினார். தேடுகிறவனுக்குச் சுவடியில் கிடைக்காதது உண்டா?

"பாறு, இதோ பாரு. ஏகபாதம்னு ஒரு சொல் வருது" என்றார்.

"அது எதைப் பத்தி, வைத்தியரே?"

"ஓலை அந்த இடத்துல பொடிஞ்சிருக்கு" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

சாயங்காலங்களில் சங்குண்ணி வீட்டுக்கு வருவதைப் பாறுக்குட்டி வாசலில் நின்று பார்ப்பாள். இரண்டு கமுகுக்கு ஒருமுறை நின்றான். பிறகு ஒவ்வொரு கமுகுக்கும் நின்றான். படியேற அவள் தோள் வேண்டியிருந்தது. உட்கார முடியவில்லை, மல்லாக்கப் படுக்க முடியவில்லை. பாயில் குப்புறக் கிடந்து, ஆமை மாதிரி தலையை மட்டும் தூக்கி, அவள் ஊட்டுகிற கஞ்சியையும் பலாக்கொட்டைக் கூட்டானையும் விழுங்கினான். அவள் உளுந்து மாவைப் பிசைந்து இடுப்பில் வரம்பு கட்டி, வெதுவெதுப்பாக எண்ணெய் ஊற்றி நிறுத்துவாள். அரை நாழிகை. அந்த அரை நாழிகைக்குள் யாராவது வாசலில் வந்து நிற்பார்கள்.

"நாளைக்குப் போகாதீங்க."

"இன்னும் பன்னெண்டு நாள்தான்."

"ஊருக்கெல்லாம் நல்லிருக்கை. உங்களுக்கு?"

"எனக்கு நீ இருக்கியே. அதுவும் நல்ல இருக்கைதான்" என்று சிரிப்பான். சிரித்தால் இடுப்பில் கட்டிய எண்ணெய் குலுங்கும். "சிரிக்க வைக்காதடீ, தைலம் சிந்துது" என்பான், அவள்தான் சிரிப்புக் காட்டியதுபோல.

பாறுக்குட்டி ஒரு வழக்கம் ஏற்படுத்திக்கொண்டாள். தினம் காலையில் அவன் குப்புறக் கிடக்கும்போதே துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, அவனுடைய வலது உள்ளங்காலில் மெல்லக் கீறுவாள்.

"தெரியுதா?"

"ஐயோ, கூசுதடீ!" ஐம்பத்திரண்டு வயது மனுஷன் காலை இழுத்துக்கொண்டு பாயில் நெளிவான். அந்த நெளிவைப் பார்த்த பிறகுதான் அவள் அடுப்பைப் பற்றவைப்பாள்.

கர்க்கடகம் பதினெட்டாம் நாள் நெளிந்தான். பத்தொன்பதாம் நாள் நெளிந்தான். இருபதாம் நாள் "தெரியுது" என்றான், நெளியவில்லை. "களைப்பு" என்றான். இருபத்தொன்றாம் நாளும் "தெரியுது" என்றான்.

இருபத்திரண்டாம் நாள் காலையில் மழை விட்டு வெறித்திருந்தது. பாறுக்குட்டி தலை குளித்துவிட்டு, ஈரக் கூந்தலை முதுகில் விரித்துப் போட்டபடி வந்தாள். சீப்பு கூரைக் கழுக்கோலில் செருகியிருந்தது. முந்தின நாளே வைத்தியர் சொல்லிவிட்டிருந்தார், திருச்சூரிலிருந்து ஒரு பாங்க் அக்கவுண்டன்ட் வருகிறாராம், ஒற்றைக்காலேதான் வேண்டுமாம், பெரிய புள்ளியாம், அவரை முதலில் எடுக்க வேண்டுமாம்.

சங்குண்ணி முகத்தைப் பாயில் வைத்துக் கிடந்தான். அவள் காலடியில் உட்கார்ந்தாள். ஈர்க்கை எடுத்தாள். உள்ளங்காலுக்கு அரை விரல் உயரத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். ஏன் அப்படிச் செய்தோம் என்று பிறகு எத்தனையோ தடவை யோசித்திருக்கிறாள். கை தானாக நின்றது. தொடவில்லை.

"தெரியுதா?" என்றாள்.

"தெரியுது" என்றான் சங்குண்ணி.

ஈர்க்கு அந்தரத்திலேயே இருந்தது.

"நல்லாத் தெரியுதா?"

"நல்லாத் தெரியுது, பாறு. கூசுது." சொல்லிவிட்டு, ஞாபகம் வந்தவன் போலக் கொஞ்சம் நெளிந்தும் காட்டினான்.

அவள் ஈர்க்கைத் தரையில் வைத்தாள். அழவில்லை. தன் கையால் அந்த உள்ளங்காலை முழுக்க மூடிப் பிடித்தாள். அழுத்தினாள், நகத்தை ஊன்றினாள். பாயிலிருந்து சத்தம் ஒன்றும் வரவில்லை. அவள் எப்போது தொட்டாள் என்பதே அவனுக்குத் தெரியவில்லை. தெரியாத அந்தச் சில நொடிக்குள், அவள் எழுந்து அடுப்படிக்குப் போகவில்லை என்பதிலிருந்து, அவனுக்கும் எல்லாம் தெரிந்துபோயிருக்க வேண்டும். தலையை மட்டும் திருப்பி அவளைப் பார்த்தான்.

"எத்தனை பேரை மிதிச்சீங்க, இந்தக் காலால?"

"முந்தாநாள்லருந்துதான். கண்ணால பாத்துப் பாத்துத்தான் வெச்சேன். யாருக்கும் ஒண்ணும் ஆகல, பாறு. சத்தியமா ஒண்ணும் ஆகல."

வாசலில் கார் ஒன்று வந்து நின்றது. புழை பெருகி வைத்தியசாலைப் பாதை முங்கியிருந்ததால் வருகிறவர்கள் இந்த வாசலில்தான் வழி கேட்பார்கள். பாறுக்குட்டி எழுந்தாள். கழுக்கோலில் இருந்த சீப்பைப் பார்த்தாள், எடுக்கவில்லை. அரிசிப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த ஸ்கேன் படத்தை உறையோடு எடுத்துக்கொண்டாள்.

சங்குண்ணி தூணைப் பிடித்து எழுந்து நிற்கப் பார்த்தான். கயிறு என்று நினைத்துக்கொண்டானோ என்னவோ, இரண்டு கையாலும் தூணின் உச்சியைத் தேடினான். "கர்க்கடகம் முடிய இன்னும் ஒம்பது நாள்தானே, பாறு" என்றான். "ஒம்பதே நாள்."

அவள் முற்றத்தில் இறங்கினாள். காரிலிருந்து ஒரு மனுஷர் அங்குலம் அங்குலமாக இறங்கிக்கொண்டிருந்தார். முதலில் ஒரு கால், பிறகு கதவைப் பிடித்து ஒரு மூச்சு, பிறகு மறு கால். இரண்டு கையையும் காரின் கூரைமேல் ஊன்றி நின்றார். அந்த நிலையை அவள் எங்கோ பார்த்திருந்தாள். ஒல்லியான மனுஷர். மேஜை இல்லாததுதான் குறை.

"அம்மா, இந்த ஒற்றைக்கால் உழிச்சில் செய்யறவர் வீடு..." என்று ஆரம்பித்தவர் அவளைப் பார்த்ததும் சட்டென்று நிறுத்தினார். "நான் திருச்சூர்ல பாங்க்ல..." என்றார் அவசரமாக. அவருடைய பார்வை அவள் தோளுக்கு மேலே போயிற்று. வாசல் தூணைக் கட்டிக்கொண்டு, மரமில் வாச்மேன் ஒருவன் நின்றிருந்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவர் கை காரை விடவில்லை; மற்றவன் கை தூணை விடவில்லை.

பாறுக்குட்டி ஸ்கேன் உறையை அவர் முன்னால் நீட்டினாள். ஈரக் கூந்தலிலிருந்து தண்ணீர் அதன்மேல் சொட்டியது.

"டாக்டரே," என்றாள், "நான் தலை சீவல."